லைன்மேன் ராஜமாணிக்கம் வாங்காமல் போன ஒரு ‘ஆங்’

தலைமை ஏற்றிருக்கும் தங்கவேல் அவர்களே! மணவூர் ஸ்டேஷனில் கொடியும் விளக்கும் பிடித்து ஓய்வுபெற்று, இப்போது எங்கள் வாசகர் வட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவரே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்தவரின் துணைவியார் ஜெயம்மாள் அவர்களே! மகள் ஷோபனா! வேலை நேரத்தில் அனுமதி கேட்டு வந்திருக்கும் மின்வாரிய ஊழியர்களே! தறியை நிறுத்திவிட்டு ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தாயம்மாள் அவர்களே! நின்றுகொண்டே கேட்கும் திருத்தணிப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் கௌரியம்மாள். இந்த ஊர்க் கிளை நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் நூலகராக இருந்து, போன வருடம் ஓய்வுபெற்றவள். புத்தகத்தை நாள் கடந்து திருப்பிக் கொடுத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என் குணம் உங்களுக்குத் தெரியும். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைன்மேன் ராஜமாணிக்கம் அவர்களைப் புகழவும் வந்திருக்கிறேன், அவருக்கு நான் செய்த ஒரு தப்பை இந்த ஊர் முன்னால் ஒப்புக்கொள்ளவும் வந்திருக்கிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கம்பம் ஏறினார் ராஜமாணிக்கம். புயலில் ஏறினார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், காவடிகளுக்கு நடுவே ஏணி சுமந்துபோய் ஏறினார். அவரோடு வேலை செய்த ஒருவருக்காவது ஒரு கீறல் விழுந்தது உண்டா? இல்லை! எப்படி இல்லை? அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கம்பத்தில் ஏறும் முன் சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார். அந்தப் பக்கம் இருப்பவர் நிறுத்திவிட்டேன் என்பார். ராஜமாணிக்கம் உடனே ஏற மாட்டார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார். “மூணாம் நம்பர் ஃபீடர் ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்றீங்க. சரிதானா?” அந்தப் பக்கத்திலிருந்து “ஆங்” என்று வர வேண்டும். வந்த பிறகுதான் முதல் கால் கம்பத்தில். அந்த “ஆங்” வராமல் அவர் தரையை விட்டது கிடையாது.

பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு மதியம், காக்கிச் சட்டையோடு நூலகத்துக்குள் வந்தார். அதுவரை அவர் உள்ளே வந்தது ஃபியூஸ் போடத்தான்.

“மேடம், இன்னிக்கி ஃபியூஸ் இல்ல. ஒண்ணு கேக்கணும். இத்தினி வருசமா ஊரே என்ன லைன்மேன், லைன்மேன்னு கூப்புட்டுகினு கீது. அந்த லைன்னா இன்னா மேடம்?”

நான் பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் போட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம், பொடி எழுத்தில். எட்டாம் வகுப்பு வரை படித்தவர் அவர். விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனார். எண்ணி முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஒரே பேர்ல இத்தினி பேரா! இதுல நம்மூர்ல யார் யார் கீறாங்கன்னு பாத்துடறேன் மேடம்.”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் நீளமான ஒரு நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்! அர்த்தம். சொன்னது யார். எந்த இடம். எந்தத் தேதி. ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு என்ன தெரியுமா? ‘ஆங்.’ சொன்னவரிடம் திருப்பிப் படித்துக் காட்டி, அவர் ஆங் என்று சொன்னால்தான் அந்தக் கட்டத்தில் டிக். டிக் விழாதது கணக்கில் இல்லை.

அப்படிப் பன்னிரண்டு வருடம் சேர்த்தார்! மலை மேல் தர்ம தரிசனத்துக்கு நிற்கிற வரிசை ஒரு லைன். ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மா பிள்ளைகளைப் பார்த்து “லைன்லோ ரண்டி”, அதாவது வரிசையில் வாருங்கள் என்று அதட்டியதையும் எழுதிக்கொண்டார். “தெலுங்கு ஆச்சே லைன்மேன்” என்றேன். “சொன்ன எடம் நம்மூருதான மேடம்” என்றார். ஒட்டினாற்போல் ஒரே சுவரில் ஏழு வீடு கட்டி வாடகைக்கு விட்டால் லைன் வீடு. பிஸ்கட்டும் சோப்பும் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போகிற வேன்காரர் “இன்னிக்கி பள்ளிப்பட்டு லைன்” என்கிறாரே, அது ஒரு லைன். பெண்கள் கல்லூரி பஸ் நிற்கும் இடத்தில் தலை சீவிக்கொண்டு நிற்கிறவன் போடுவது ஒரு லைன். அதற்கும் சாட்சி பிடித்தார்! ஒருவன் வெட்கப்பட்டுக்கொண்டே ஆங் சொல்லியிருக்கிறான். பெயர் நோட்டில் இருக்கிறது. இப்போது குடும்பஸ்தர். நான் படிக்க மாட்டேன்.

ஒரே ஒரு முறை சறுக்கினார். மணவூரில் நம் தலைவர் தங்கவேல் அவர்கள் “லைன் கிளியர் கெடச்சாச்சு” என்று போனில் பேசியதைக் கேட்டு, ‘எதுவும் வராது, தைரியமாக வேலை பார்க்கலாம்’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். மின்வாரியத்தில் அதுதான் அர்த்தம். திருப்பிப் படித்துக் காட்ட மறந்துபோய் டிக்கும் போட்டுவிட்டார். நினைவு வந்ததும் மறுநாள் விடியற்காலை ரயிலில் மணவூர் போய் நின்றார். தங்கவேல் அவர்கள் படிக்கக் கேட்டுத் திடுக்கிட்டுவிட்டாராம். “ஐயையோ, எங்களுக்கு லைன் கிளியர்னா வண்டி வரலாம்னு அர்த்தங்க! நீங்க தண்டவாளத்துல எறங்கி நின்னுடாதீங்க!” அந்தப் பக்கத்தை அடித்து, ஓரத்தில் ‘என் தப்பு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டார் ராஜமாணிக்கம். தன் நோட்டில் தன் தப்புக்குத் தானே கையெழுத்துப் போட்ட மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சொல் எங்கே பிறந்தது என்றும் கேட்டார். படித்துச் சொன்னேன். ஆளிவிதை தெரியும் அல்லவா? அந்த ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலுக்குத்தான் லத்தீன் மொழியில் முதலில் அந்தப் பெயர். நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்த்தார்கள், நேராகப் போட்ட கோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. கோட்டிலிருந்து வரிசை, வரிசையிலிருந்து பாதை, கம்பி, தொழில், இன்னும் என்னென்னவோ. லினன் துணியும் அதே வீட்டுப் பிள்ளைதான். இதைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “நூலா! நம்ம கொத்தனாரும் நூல் புடிச்சுதான மேடம் செவுரு எழுப்பறாரு!” என்று எழுந்தே நின்றுவிட்டார்.

நூல் என்றால் ஆர்.கே.பேட்டையில் சாட்சி கிடைக்காமலா போகும் என்று கிளம்பிப் போனார். அங்கே பவர்லூம் ஓட்டும் தாயம்மாள் அவர்களிடம், நூலை லைன் என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டிருக்கிறார். தாயம்மாள் சொன்ன பதிலை நோட்டில் உள்ளபடியே படிக்கிறேன். “நூலுன்னா எங்களுக்கு நூலுதாங்க. லைனுன்னா கரண்டு. அது போச்சின்னா தறி நின்னுடும், எங்க பொழப்பும் நின்னுடும்.” நூல் என்ற அர்த்தத்துக்குச் சாட்சி இல்லை என்று எழுதினார். அகராதி சொல்கிறதே என்று அதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. அதுதான் ராஜமாணிக்கம்!

இனி என் தப்புக்கு வருகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற சில மாதங்களில் அந்த நோட்டைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டேன். அவரும் கொடுத்தார். நாற்பத்தொரு அர்த்தம் இருந்தது. நாற்பத்தொன்று என்பது அட்டையில் போட எனக்கு அழகாகப் படவில்லை. ஐம்பது என்றால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. அகராதியைத் திறந்து ஒன்பதை எடுத்தேன், சேர்த்தேன், அச்சுக்குக் கொடுத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை! படித்துக் காட்டினேனா? காட்டவில்லை! சந்தோஷப்படுவார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இருபது வருடம் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த திமிர் அது.

இதே மண்டபத்தில்தான் வெளியீடு. இதே மைக். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மேடம், நாப்பத்திரண்டாவது யார் சொன்னது?”

“அகராதியில இருக்குது, லைன்மேன்.”

“அது சரி. நம்மூர்ல யார் சொன்னாங்க?”

“ஒம்பதே ஒம்பதுதானே. விடுங்களேன்.”

“ஒம்போது கம்பத்துல ஆளே ஏறாம, ஏறுனதா எழுதிட்டீங்களே மேடம்.”

சத்தம் போடவில்லை. மைக்கில்கூடச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஜெயம்மாளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். முந்நூறு பிரதியும் என் வீட்டுக்கு வந்தன. எனக்குக் கோபம். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டார் என்று கோபம். இரண்டு வருடமும் நான்கு மாதமும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைத்தெருவில் அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போனேன். ஒரு ஸ்கூட்டர் தூரத்தில் இருந்த மனிதர்! போன மாதம் காலையில் காபி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்று கேள்விப்பட்டுத்தான் அவர் வீட்டு வாசலை மிதித்தேன். மாலையை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

காரியம் முடிந்த பிறகு ஷோபனா அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அத்த, நைனா இத உங்களாண்டதான் குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு” என்றாள்.

திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்றோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. நாற்பத்திரண்டு என்று போட்டு, நான் களவாகச் சேர்த்த முதல் அர்த்தம் அவர் கையெழுத்தில் இருந்தது! ஐந்து கட்டத்தோடு!

புரிகிறதா உங்களுக்கு? என்னோடு பேசாத அந்த இரண்டு வருடமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? என் ஒன்பது பொய்க்கும் சாட்சி தேடி அலைந்துகொண்டிருந்தார்! தூண்டில் நரம்புக்குப் பூண்டி ஏரிக்கரையில் ஒருவர். ஜாக்கெட்டுக்கு உள்ளே கொடுத்துத் தைக்கும் லைனிங்குக்குப் பள்ளிப்பட்டு டெய்லர் ஒருவர். நாயின் வம்சத்தைச் சொல்வதற்கு அரக்கோணத்தில் நாய் வளர்ப்பவர். கப்பல் பூமத்திய ரேகையைத் தாண்டுவதற்கும் அந்தச் சொல்தான் என்று எழுதியிருந்தேன். திருத்தணியில் ஏது கப்பல்? அதற்கும் ஆள் கண்டுபிடித்தார்! ஆர்.கே.பேட்டை ராஜேஷ், சரக்குக் கப்பலில் வேலை, லீவில் வந்திருந்தவர். “லைன் தாண்டுன அன்னிக்கி புதுப் பசங்க தலைமேல தண்ணிய ஊத்தி ஆட்டம் போடுவாங்கண்ணே” என்று சொல்லியிருக்கிறார். திருப்பிப் படித்து, ஆங் வாங்கி, டிக். இப்படி எட்டு. எட்டுக்கும் டிக்.

ஐம்பதாவது ஒன்று பாக்கி. சுருக்கமாக எழுதும் கடிதம் என்ற அர்த்தம். சொன்னது யார் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது.

போன தை மாதம் பஸ் ஸ்டாண்டில் ஷோபனாவைப் பார்த்தபோது, மனம் தாங்காமல் ஒன்று சொன்னேன். அது அவள் வாய் வழியாக வீட்டுக்குப் போய் நோட்டில் ஏறியிருக்கிறது. அதன் கீழே அவர் எழுதியிருப்பது இது: ‘ஷோபனா சொல்லிக் கேட்டது. போதாது. மேடத்தை நேரில் பார்த்துப் படித்துக் காட்ட வேண்டும்.’ இரண்டு முறை சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பி, என் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போனாராம். ஜெயம்மாள் சொல்லித்தான் தெரியும். அன்று நான் தெருமுனைக்குப் பால் வாங்கவாவது போயிருக்கக் கூடாதா? ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கிறது.

பெரியோர்களே! இந்த மேடையில் நின்று நான் உறுதி கூறுகிறேன். என் வீட்டில் இருக்கும் முந்நூறு பிரதியிலும் என் கையாலேயே திருத்தம் எழுதுவேன். ஒவ்வோர் அர்த்தத்துக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் பெயர் இருக்கும். ஒன்பதுக்கும் எதிரே ‘என் தப்பு’ என்று எழுதி, அவர் போட்டதுபோலவே நானும் கையெழுத்துப் போடுவேன். நோட்டில் இன்னும் முப்பது பக்கம் வெறுமையாக இருக்கிறது. நாளையிலிருந்து நான் கேட்கப் போகிறேன், நானே எழுதப் போகிறேன். திருப்பிப் படித்துக் காட்டாமல் ஒன்றையும் சேர்க்க மாட்டேன். உங்களில் யாரிடமாவது வந்து நின்றால் விரட்டிவிடாதீர்கள்.

இன்று ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு இறங்குகிறேன். தங்கவேல் அவர்களே, நோட்டைப் பிடியுங்கள். கடைசி வரி. அவர் படிப்பது மாதிரி மெதுவாகப் படியுங்கள்.

“சண்டன்னா சண்டதான். அதுக்குன்னு உங்க நைனா நாலு லைன் எழுதியாவது அனுப்பியிருக்கலாமில்ல? நான் ஓடி வந்திருப்பேனே. அப்படின்னு சொல்றீங்க. சரிதானா மேடம்?”

ஆங், லைன்மேன். நான்தான் சொன்னேன்.