முப்பத்தொண்ணாவது மாடு

இல்லம்மா, தப்பு. சாதாரணத் தப்பில்ல, மனுஷ குலமே தலைமுறை தலைமுறையா கைகோத்துக்கிட்டுப் பண்ற தப்பு. மாட்டுக்குச் சிவப்பு ஆகாதுங்கறது. மாட்டுக் கண்ணுக்குச் சிவப்பு சிவப்பாவே தெரியாது. நீங்க போட்டிருக்கற இந்த ஸ்வெட்டர் அதுக்கு ஏதோ ஒரு அழுக்கு நிறம், அவ்வளவுதான். கோவிச்சுக்காதீங்க, நான் சொல்லல, மாடு சொல்லுது. இதுக்காகவா வேலியைச் சுத்திக்கிட்டு ஒன்றரை கிலோமீட்டர் சேத்துல நடந்து வந்தீங்க? மேய்ச்சல் நடுவுல நேரா வந்திருந்தா அஞ்சு நிமிஷம். தலையைத் தூக்கி ஒரு பார்வை பாத்திருக்கும். கையில புல்லுக்கட்டு இல்லன்னு தெரிஞ்சதும் உங்களைக் கணக்குலயே சேத்திருக்காது.

உக்காருங்க. அதுல வேணாம், அதுக்கு முன்னங்கால் சரியில்ல. இதுல. ஷூவைக் கழட்டி ஹீட்டர் பக்கம் வைங்க, இந்த ரூம்ல கூச்சப்பட ஒண்ணுமில்ல. மேஜை மேல அந்த டப்பாவுல இருக்கறது நீர்நாய் எச்சம். மூடிதான் இருக்கு, பயப்படாதீங்க. அதைக் கிளறிப் பாத்து என்ன மீன் தின்னுச்சுன்னு எழுதி அனுப்பணும். படிச்ச படிப்புக்குப் பாக்கற வேலை!

நீங்க யாருன்னு சொல்ல வேண்டியதே இல்ல. பையில பச்சை ஜாக்கெட் எட்டிப் பாக்குது, எங்க தொண்டர்களுக்குக் குடுக்கறது. அதை இஸ்திரி போட்டு மடிச்சு வைக்கற ஆள் இந்தச் சரணாலயத்துல ஒருத்தர்தான். மாத்திரைசார் பொண்ணுதானே நீங்க? ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? உங்கப்பாக்கு நாங்க வச்ச பேரு. அவருக்கும் அது பிடிக்கும். நாப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தினவரு, மாட்டைக்கூட மாத்திரை மாதிரிதான் எண்ணுவாரு. அஞ்சஞ்சா, விரலை இப்படித் தள்ளித் தள்ளி. மாடெல்லாம் எப்படி சார் சாப்பிடுதுன்னு கேட்டா, மூணு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடி, நடுவுலன்னு சொல்வாரு. சிரிக்கவே மாட்டாரு. நாமதான் சிரிக்கணும்.

கேட் சாவி, பைனாகுலர், ஜாக்கெட். எல்லாத்தையும் குடுத்தனுப்பிட்டாரா. அவசரம் ஒண்ணுமில்லையேம்மா, அவர்கிட்டயே இருந்திருக்கலாம்.

அது என்ன பேப்பர்? டாக்டர் குடுத்ததா. வைங்க, பாக்கறேன். கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன், இருங்க. தலை மேலயா? ஆமா. மறதின்னு ஒண்ணு வரணும்னா நியாயமா எனக்குத்தான் முதல்ல வரணும். சரி, அது அங்கயே இருக்கட்டும், கடைசில பாக்கலாம்.

வெளில இருந்து பாக்கறவங்களுக்குச் சரணாலயத்துல மாட்டுக்கு என்ன வேலைன்னு தோணும். மொட்டைக் கடுதாசிகூட வருது, பறவைக்கு வச்ச நிலத்துல வார்டன் பால் வியாபாரம் பண்றான்னு. பால் கறக்கற மாடே இல்லம்மா இது. இந்த முரட்டுப் புல்லை எந்த மெஷினாலயும் இதுங்க மாதிரி வெட்ட முடியாது. ஒரு இடத்துல ஒட்ட மேயும், ஒரு இடத்துல புதரா விட்டுடும். குளம்பு பதிஞ்ச குழியில தண்ணி நிக்கும், தண்ணியில புழு வரும், புழுவுக்குக் கொக்கு வரும். அந்தச் சாணியைத் தேடி எத்தனை பூச்சி வருதுன்னு நான் ஆரம்பிச்சா உங்க ஷூ காய்ஞ்சு ஓட்டை விழுந்துடும்.

பனிக்காலத்துல நாங்க போர்வைக்குள்ள இருக்கோம்னு வேற ஒரு நினைப்பு ஜனங்களுக்கு. வெயில் காலத்துலதாம்மா எங்களுக்குச் சும்மா இருக்கற வேலை. பனிக்காலத்துல நாணல் வெட்டணும், வேலி கட்டணும், கூட்டுப் பெட்டியைக் கழுவணும். எங்கெங்கிருந்தோ வாத்து வந்து இறங்கும். அதுக்கு முழங்கால் தண்ணி வேணும், இடுப்புத் தண்ணி கூடாது. மதகுல ஒரு பலகை கூட்டி, ஒரு பலகை குறைச்சு, நாளெல்லாம் அதுங்களுக்குக் குளியலறை பாத்துக்கற வேலை. ஞாயித்துக்கிழமை தொண்டர்கள் வருவாங்க, எட்டுப் பேரு. அதுல நாலு பேருக்கு அரிவாளை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு வாராவாரம் சொல்லணும். உங்கப்பாவுக்கு மட்டும் ஒரு தடவைகூட எதையும் ரெண்டாவது தரம் சொன்னதில்ல.

சரி. விஷயத்துக்கு வர்றேன். நீங்க பாக்கற பார்வையே சொல்லுது.

தினமும் காலைல மாட்டை எண்ணணும். எண்றதுன்னா வெறும் தலைக்கணக்கு இல்ல. ஒவ்வொண்ணும் நடக்குதா, அசை போடுதா, கண்ணுல நீர் வடியுதான்னு பாத்து, ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். மத்த நாள்ல நான், ஞாயித்துக்கிழமை உங்கப்பா. மொத்தம் முப்பத்தொண்ணு.

நாலு வாரம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை, நல்ல மூடுபனி. எண்ணிட்டு வந்து, முப்பதுதான் இருக்குன்னாரு. நான் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளி முப்பத்தொண்ணு, சனி முப்பத்தொண்ணு, ரெண்டும் என் கையெழுத்து. நேத்து நானே எண்ணினேன் சார், பனியில ஒண்ணு விட்டுப் போயிருக்கும், திரும்பப் பாருங்கன்னேன். போனாரு. அரை மணி நேரம். வந்து, முப்பதுதான்னாரு. எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தாங்க. நான், என்ன மாத்திரைசார், ஒரு மாத்திரை மேஜைக்குக் கீழ உருண்டுடுச்சான்னேன்.

சிரிச்சாங்க. எல்லாரும்தான். உங்கப்பாவும் சிரிச்சாரு.

சாப்பிடாம மூணாவது தடவை போனாரு. வந்து, நீங்க சொன்னதுதான் சரி, முப்பத்தொண்ணுன்னாரு. எழுதிக் கையெழுத்தும் போட்டாரு. அப்புறம் இதே நாற்காலியில உக்காந்து ரொம்ப நேரம் கையுறையைக் கழட்டாமலே இருந்தாரு. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, முதல்ல மாடிப்படி எண்ணிக்கைதான் தப்பாப் போச்சுன்னாரு. உங்க பெரியப்பாவைப் பத்தி அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். கடைசில உங்கப்பாவையே யாரு நீன்னு கேட்டாராமே.

வயசானா எல்லாருக்கும்தான் சார்னு சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். ஆறுதலா சொல்றதா நினைப்பு.

இன்னொரு விஷயமும் அதே வாரத்துலதான் நடந்துச்சு. புதன்கிழமை ஒரு மாடு போயிடுச்சு. கிழட்டு மாடு, ஒரு கொம்பு கீழ வளைஞ்சது. புல்லு போட்டா எப்பவும் கடைசியாத்தான் வரும், பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி. வடக்கு வாய்க்கால்ல, நாணலுக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு. கரை சரிஞ்சிருக்கு. நாலு காலும் சேத்துல புதைஞ்சுபோச்சு. நான்தான் பாத்தேன். தனியாத்தான் போனேன்.

உடம்பு அப்பக்கூட முழுசா விறைக்கல.

சுத்தி இருந்த நாணலைப் பாத்தேன். கழுத்து எட்டற தூரம் வரைக்கும் ஒரு தாளு பாக்கியில்லாம தின்னிருந்துச்சு. காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி அரை வட்டம். அதுக்கு அந்தப் பக்கம் நாணல் ஆளுயரத்துக்கு நிக்குது. அவ்வளவு தாளு திங்க ஒரு மாட்டுக்கு எத்தனை நாள் ஆகும்னு எனக்குத் தெரியும்மா. அதுதானே என் படிப்பு. நாலு நாள், அஞ்சு நாள்.

ஆமா. நீங்க விரல் விட்டு எண்றது சரிதான். புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு.

அந்த வெள்ளிக்கிழமை மதகுப் பலகை ஒண்ணு உடைஞ்சு தண்ணி ஓட ஆரம்பிச்சுது. ரெண்டு நாள் தண்ணி வத்தினா வாத்தெல்லாம் கிளம்பிடும். நான் காலைலேருந்து பொழுது சாயற வரைக்கும் இடுப்பளவு தண்ணியில நின்னேன். கரை மேலேருந்து பாத்தா பனிக்குள்ள மாடு ஒரு கும்பலாத் தெரிஞ்சுது. கும்பல்னா முப்பத்தொண்ணுதானே. ரூமுக்கு வந்து முந்தின நாள் எண்ணையே பாத்து எழுதினேன். சனிக்கிழமையும் அப்படித்தான், அடுத்த திங்கள், செவ்வாயும் அப்படித்தான். எண்ணவே இல்லம்மா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றவன் நான். அந்த ஏட்டுல இருந்த மாட்டை வச்சுக்கிட்டு, கண்ணால பாத்து எண்ணிட்டு வந்த மனுஷனைத் திருப்பி அனுப்பினேன்.

அன்னிக்கு முப்பதுதான் இருந்துச்சு. உங்கப்பா ரெண்டு தடவையும் சரியாத்தான் எண்ணினாரு. மூணாவது தடவை எண்ணினதுதான் தப்பு. அது நான் எண்ணச் சொன்னது.

இருங்க, முடிச்சுடறேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்வாங்க, நான் முழு மாட்டையே ரெஜிஸ்டர்ல மறைச்சேன். செவ்வாய் ராத்திரி விழுந்து இறந்ததுன்னு எழுதினேன். மாடு செத்ததுக்கு மேலிடத்துக்கு விளக்கம் சொல்லிடலாம், வருஷத்துக்கு ஒண்ணு போகத்தான் செய்யும். எண்ணாம எண்ணினேன்னு எழுதினதுக்கு என்ன விளக்கம் சொல்றது? அடுத்த ஞாயித்துக்கிழமை உங்கப்பா வந்து அதைப் படிச்சாரு. என் தோள்ல கை வச்சாரு. வருத்தப்படாதீங்க, நீங்க பாக்காத சாவான்னாரு.

அப்பவே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. பக்கத்துல ஆள் இருந்தாங்க, அவங்க போகட்டும்னு பாத்தேன். அவங்க போனாங்க, உங்கப்பாவும் போயிட்டாரு. அதுக்கடுத்த வாரம் சின்ன நோட்டு ஒண்ணு கொண்டு வந்தாரு. அஞ்சு மாட்டுக்கு ஒரு கோடு போடறாரு. எண்ணி முடிச்சு என்கிட்ட வந்து, நீங்களும் ஒரு தடவை பாத்துடறீங்களான்னு கேட்டாரு. உங்கப்பா கேட்டாரும்மா, என்கிட்ட! நான் போய்ப் பாத்தேன். முப்பது. சரியா இருக்கு சார்னேன். அவரு முகத்தைப் பாத்தா, ஏதோ நான் பெருந்தன்மையா மார்க் போட்ட மாதிரி இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை வரல. போன் பண்ணினேன், எடுக்கல. எடுக்கலன்னதும் நிம்மதியா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.

இப்ப அந்தப் பேப்பரைக் குடுங்க.

மறதி முதலில் கவனிக்கப்பட்ட தேதி. உங்கப்பாவே நிரப்பியிருக்காரு. கையெழுத்து, மருந்து பாட்டில்ல சீட்டு ஒட்டின மாதிரி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. அந்த ஞாயித்துக்கிழமைத் தேதி. சூழ்நிலை, மாடு எண்ணும்போது. கவனித்தவர், சரணாலய வார்டன். கீழ நான் கையெழுத்துப் போடணும், இல்லையா? இதுக்குத்தானே நீங்க வந்தீங்க.

இதுல நான் போட மாட்டேன். பின்பக்கம் வெள்ளையா இருக்கு, அதுல எழுதித் தர்றேன். எண்ணாதவன் யாரு, எண்ணினவர் யாருன்னு, தேதியோட. ரெஜிஸ்டரையும் எடுத்துக்கறேன். டாக்டர்கிட்ட நான் வர்றேன். முதல்ல உங்கப்பாகிட்ட வர்றேன், இப்பவே. மேலிடம் கிடக்கட்டும்.

ஏதாவது சொல்லுங்கம்மா. திட்டுங்க. நான் பேசினா நிறுத்த மாட்டேன்னு உங்கப்பா சொல்லியிருப்பாரு, நீங்க பேசினா நிறுத்திடுவேன்.

என்ன தேடறீங்க? வண்டிச் சாவியா? நல்லாத் தேடுங்க, பையைக் கவுத்துடுங்க, மேஜை மேலயே கொட்டுங்க. அந்த டப்பாவை நான் நகத்திக்கறேன்.

இது என்னது? நாலு இருக்கு. கேஸ் அடுப்பைத் திருகற குமிழா?

அவரே கழட்டி உங்க கைல குடுத்தாரா. எப்போ? போன வாரம். மறந்து திறந்து விட்டுடுவேனோன்னு. அப்போ காலைல நீங்க போய்ப் பொருத்தினாத்தான் அவருக்கு வெந்நியே. எத்தனை மணிக்குப் போவீங்க?

எட்டரைக்கு. இன்னிக்கு நேரா இங்க வந்துட்டீங்களா.

மணி பதினொண்ணே காலும்மா.