பின்பாதி வெட்டிய கார்

நான் மேற்கண்ட முகவரியில் கணவருடன் குடியிருக்கிறேன். வயது ஐம்பத்தெட்டு. தொழில் தையல். தையலம்மா என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் கொழுந்தனார் என்மீது கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது சம்பந்தமாக நான் சொல்வது என்னவென்றால்,

புகாரில் கண்ட பழைய கார் என் மாமனார் வாங்கியது. அந்த மாடலில் இன்று ஓடுகிற வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது உண்மை. மாமனார் காலமான பிறகு அது என் கணவர் பெயருக்கு மாறியது. அதன் கதவை நான் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால்கூட அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். சென்ற வருடம் கூரை ஒழுகலை அடைக்க ஏறியவர் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவரால் உட்கார முடியாது, மல்லாந்து படுக்கத்தான் முடியும். ஆஸ்பத்திரிக்குத் தவிர வெளியே போனதில்லை.

ஒருநாள் காலை நான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, "பின்பக்கத்த வெட்டிட்டு பிக்கப் வண்டியா மாத்திட்டா, நான் படுத்துக்கிட்டே வரலாம்ல?" என்றார். என் கை நின்றுவிட்டது. "மாமா ஆசையா வாங்கின வண்டிங்க அது" என்றேன். "அப்பா இருந்தா அவரே வெட்டிக் குடுத்திருப்பாரு" என்றார்.

அதன் பிறகு பட்டறைக்காரரை அழைத்து வந்தேன். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல கை வைக்க எனக்கு மனசு வரலம்மா" என்று கிளம்பப் பார்த்தார். என் கணவர் தன்னைக் கட்டிலோடு வண்டி நிற்கும் கொட்டகைக்குத் தூக்கிவரச் சொல்லி, நான் துணியில் குறிபோடும் சாக்பீஸை வாங்கி, கை எட்டிய மட்டும் முன்கதவுக்குப் பின்னால் கோடு போட்டார். எட்டாததை அவர் சொல்லச் சொல்ல நான் போட்டேன். முடிந்ததும், "வெட்டும்போது என்ன உள்ள கொண்டுபோயிடு" என்றார். பட்டறைக்காரர் அறுக்கும் சத்தம் ஓயும்வரை என் கையை அவர் விடவில்லை.

அதன் பிறகு நான் வண்டி ஓட்டக் கற்று உரிமம் வாங்கினேன். முதல் முறை போனபோது பின்னால் மெத்தையில் கிடந்தபடி கண்ணாடியைத் தட்டி, "கியர மாத்தும்மா, வண்டி அழுவுது" என்று கத்திக்கொண்டே வந்தார். பாலம் தாண்டியதும் சத்தமே இல்லை. பதறிப்போய் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். மேலே மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தானே போயிட்டிருந்தது, ஏன் நிறுத்தின?" என்றார்.

கொழுந்தனாரிடம் கேட்காமல் செய்தது உண்மை. அண்ணன் தம்பி பேசிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். சென்ற வாரம் ஊரிலிருந்து வந்தவர், கொட்டகையில் கிடந்த பின்பாதியைப் பார்த்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். வீட்டுக்குள் வராமல் நேராக இங்கே வந்து புகார் கொடுத்தார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அப்பா மடியில் உட்கார்ந்து அவர் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய வண்டி அது.

இன்று வண்டியை நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னதால் கணவரையும் அதிலேயே அழைத்துவந்தேன். வாசலில் நின்ற கொழுந்தனார் அண்ணனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர், "டேய், வெயில் கண்ணுல அடிக்குது. கொஞ்சம் மறைச்சு நில்லுடா" என்றார். நான் உள்ளே வரும்போது கொழுந்தனார் வண்டிமேல் ஏறி, அண்ணன் முகத்தில் நிழல் விழும்படி நின்றிருந்தார். இன்னும் அப்படியே நிற்பதாகக் காவலர் இப்போது வந்து சொன்னார். புகாரை அவர் திரும்பப் பெறுவாரா என்பது எனக்குத் தெரியாது. வெயில் ஏறுவதால் இருவரையும் வீட்டுக்கு அழைத்துப்போக என்னைச் சீக்கிரம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியிருப்பவை யாவும் நான் சொன்னவை, நடந்தவை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(கையொப்பம்)