கரடிச் செய்தியின் பின்பக்கம்

— இன்னொண்ணு எடுத்துக்கோங்க, எலியோ சான்.

— இப்பதான் ரெண்டு தின்னேன், இனகாகி டீச்சர்.

— அது உங்க பங்கு. இது வராதவங்க பங்கு. அந்த வியட்நாம் பொண்ணுங்க, பெரு நாட்டுத் தம்பி, சாப்பாட்டுக்கடை நேபாளத்துக்காரர்… வகுப்பு முழுக்கக் கணக்குப் பண்ணித்தான் இனிப்புப் பெட்டி வாங்குறேன். ஊருக்குப் போயிட்டு வெறுங்கையோட வர முடியுமா?

— அவங்கல்லாம் வேற ஊரு போயி எவ்வளவு நாளாச்சு. இப்ப வகுப்புன்னா நான் ஒருத்தன்தான் டீச்சர்.

— அதுக்காகச் சின்னப் பெட்டி வாங்கச் சொல்றீங்களா? கடைக்காரி என்ன நினைப்பா? பாவம், இந்தம்மாவுக்குக் குடுக்க ஆளே இல்ல போலன்னு நினைக்கமாட்டா?

— எந்தக் கடைக்காரி?

— மலை ஸ்டேஷன் கடைக்காரிதான். வேற எவ? தின்னுங்க. பூரணம் நல்லா இருக்கா?

— நல்லா இருக்கு. …எப்பவும் போல இருக்கு.

— எப்பவும் போலன்னா?

— வசந்தத்துல பூப் பார்க்கப் போயி வேற ஊர்ல இருந்து கொண்டு வந்தீங்களே, அதே ருசி.

— பயறும் சர்க்கரையும் எந்த ஊர்லயும் இனிக்கத்தான் செய்யும். அந்த ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைங்க. …சமுதாயக் கூடத்து ஆபீஸ் தம்பி இன்னிக்கும் கேட்டான், சாவி குடுக்கும்போது. "டீச்சர், ஒரே ஒரு ஆளுக்கா இவ்வளவு பெரிய அறை"ன்னு.

— என்ன சொன்னீங்க?

— டிசம்பர் முதல் ஞாயிறு இவருக்கு ஜப்பானிய மொழித் தேர்வு, தேறிட்டார்னா வகுப்பை மூடிட்டுச் சாவியைத் திருப்பிக் குடுத்துடுறேன், அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்னேன்.

— அப்படியேவா சொன்னீங்க?

— மரியாதையாத்தான் சொன்னேன். அர்த்தம் அதுதான்.

— தேறலைன்னா?

— இந்தத் தடவையுமா? அப்ப அடுத்த தேர்வு வரைக்கும் இந்த அறை நமக்குத்தான். …சிரிக்காதீங்க. நானும் என் வீட்டுக்காரரும் வகுப்பை ஆரம்பிச்சப்பவே போட்ட விதி. தேறுனவங்க எழுந்திரிச்சு அடுத்தவங்களுக்கு இடம் விடணும்.

— இப்ப இடம் கேட்டு வாசல்ல யாரு நிக்கிறா?

— யாரும் இல்ல. அதுக்காக விதி இல்லாம போயிடுமா? சரி, வழக்கப்படி முதல்ல என் பயணம், அப்புறம் உங்க செய்தி. கேட்டுட்டுக் கேள்வி கேக்கணும். நடுவுல போர்த்துகீசியம் பேசினா பூரணம் கிடையாது.

— பேசல. சொல்லுங்க.

— போன சனிக்கிழமை காலையில தாகினோ மலை ரயில்ல ஏறினேன். இடது பக்க ஜன்னல்…

— எப்பவும் இடது பக்கமா?

— ஆறு அந்தப் பக்கம்தானே வரும். கீழே தண்ணி பச்சையா, மேலே மலை முழுக்க சிவப்பு. மூணாவது குகையைத் தாண்டினதும் டிரைவர் வண்டியை மெதுவா விடுவாரு, எல்லாரும் பார்க்கட்டும்னு. எதிர்ல உட்கார்ந்திருந்தவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டு, அதைத் திறக்கக்கூடத் தோணாம பார்த்துக்கிட்டே வந்தாரு…

— யாரு அவரு?

— யாரோ ஒரு பயணி. அடுத்த கேள்வி.

— மழை பெய்ஞ்சுதா?

— மழையா? நல்ல வெயில்.

— ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு.

— அப்படியா… மலையில இல்ல. மேகமெல்லாம் இங்க இறங்கிட்டுது போல.

— ம்…

— அந்த "ம்" எனக்குப் பிடிக்கல.

— விடுதி எப்படி இருந்துச்சு?

— ஆத்தோர விடுதி. ராத்திரிக்கு ஆத்து மீன், காளான் சோறு. வெந்நீர்க் குளத்துல உட்கார்ந்தா தலை மேல இலை வந்து விழும். வேற என்ன வேணும் மனுஷருக்கு?

— தனியாவா தங்கினீங்க?

— …தனியாத்தான். ஏன்?

— கேள்வி கேக்கச் சொன்னீங்களே.

— இந்த மாதிரிக் கேள்வி இல்ல. போதும், செய்தியை எடுங்க.

— இதோ. பேப்பர்ல இருந்து வெட்டிட்டு வந்தேன். கரடி.

— கரடியா? எங்க?

— உங்களுக்குத் தெரியாதா? ஊரே அதைத்தான் பேசுது.

— வாரத்துக்கு ஒரு செய்தி, நீங்க கொண்டு வர்றதுதான் எனக்கு. என் வீட்டுக்காரர் தவறினதுமே பேப்பரை நிறுத்திட்டேன். டிவியும் போடுறதில்ல.

— ஏன் டீச்சர்?

— படிச்சுட்டு "இந்தக் கூத்தைப் பார்த்தீங்களா"ன்னு சொல்ல எதிர்ல ஆள் வேணும்ல… படிங்க, படிங்க. சத்தமா.

— "நேற்றுக் காலை, மலையடிவாரத்தில் உள்ள ஒரு கடையில்… கரடி மனிதன்…"

— என்னது?

— கரடி… மனிதன்.

— கரடி எப்ப மனுஷன் ஆச்சு? "கடைக்குள் கரடி நுழைந்தது." ரெண்டு எழுத்துக்கும் ரெண்டே ரெண்டு கோடுதான்; கோடு இந்தப் பக்கம் சாஞ்சா மனுஷன், அந்தப் பக்கம் சாஞ்சா நுழையறது. சின்னப் பிள்ளைங்க முதல் வகுப்புல படிக்கிற எழுத்து. இதைப் போயி நீங்க வருஷக்கணக்கா…

— மன்னிச்சுக்கோங்க. "கடைக்குள் கரடி நுழைந்தது. மலையில் இந்த ஆண்டு காய்கள் குறைவு என்பதால்…"

— பாருங்க, இந்தக் கஷ்டமான வரியைத் தண்ணி மாதிரி படிக்கிறீங்க. அங்க மட்டும் தடுக்கி விழுறீங்க.

— கண்ணு சரியில்ல டீச்சர்.

— சப்பைக்கட்டு கட்டாதீங்க. அப்புறம்?

— மீன் வெச்சிருந்த பக்கம் போயி உட்கார்ந்துக்கிச்சாம். யாரையும் ஒண்ணும் பண்ணலயாம். …ஒரு விதத்துல கொடுத்து வச்ச கரடி.

— ஏன்?

— பார்த்ததுமே எல்லாரும் இது கரடின்னு கண்டுபிடிச்சுட்டாங்கல்ல? என்னை யாரு கண்டுபிடிக்கிறா? தாத்தா இங்க இருந்து கப்பல் ஏறி பிரேசிலுக்குப் போனாரு, எனக்கு இந்த ஜப்பான்காரன் மூஞ்சியை மட்டும் விட்டுட்டாரு. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னா எவன் நம்புவான்? பேங்க்ல அந்தப் பொண்ணு என்னைக் கிறுக்கன் மாதிரி பார்த்தா. எனக்குப் பின்னாடி நின்ன வெள்ளைக்காரனுக்கு மட்டும் எழுந்து வந்து எழுதியே குடுத்தா.

— இது எப்ப?

— வந்த புதுசுல. இப்பல்லாம் நானே… இப்பவும் அப்படித்தான்.

— பிரேசில்ல இருக்கிற மகள் போன் பண்ணுறாளா?

— பிறந்தநாளைக்குப் பண்ணுவா. சாவ் பாலோல பகல்னா இங்க நான் தூங்கிட்டு இருப்பேன்னு நினைச்சுக்கிறா. அவங்க அம்மாவுக்கும் அதே நினைப்புதான்.

— தூங்குறீங்களா?

— இல்ல.

— …சரி, கரடியை முடிப்போம். கடைசியில என்ன ஆச்சு அதுக்கு? மீதி பின்பக்கம் இருக்கா?

— இல்ல டீச்சர், அவ்வளவுதான். குடுங்க, நான் மடிச்சு வச்சுக்கிறேன்.

— இருங்க. திருப்பிப் பார்க்கிறேன்.

— பின்பக்கம் வேண்டாம்.

— ஏன்?

— அது வேற செய்தி.

— என்ன செய்தி?

— தெரியல. எனக்குத்தான் படிக்க வராதே.

— படிக்க வராதுன்னா வேற செய்தின்னு எப்படித் தெரியும்?

— …படம் வேற.

— படமே இல்லையே. கையை எடுங்க, எலியோ சான்.

— டீச்சர்…

— "ஆகஸ்ட் மாத மழையில் மண் சரிந்த தாகினோ மலை ரயில் பாதை… இலையுதிர் காலத்துக்குள் திறக்கப்பட மாட்டாது. பயணிகளுக்கு மாற்றுப் பேருந்து…"

— டீச்சர், மெஷின்ல டப்பா காப்பி வாங்கிட்டு வரட்டுமா? சூடா?

— உட்காருங்க. இதை எனக்குக் காட்டத்தான் கொண்டு வந்தீங்களா?

— சத்தியமா இல்ல. கரடியைத்தான் வெட்டினேன். நீங்க தாளைத் தூக்கிப் பிடிச்சப்பதான் பின்னாடி இது இருக்குன்னு பார்த்தேன்.

— அப்ப ரயில் ஓடலைங்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியும். எப்ப இருந்து?

— ஞாயித்துக்கிழமையில இருந்து. சாயங்கால ரயில்ல வர்றேன்னு சொல்லியிருந்தீங்க. மழை கொட்டுது, குடை கொண்டு போயிருக்கமாட்டீங்களேன்னு வண்டியை எடுத்துக்கிட்டு மலை ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல்ல கயிறு கட்டியிருந்துச்சு. தண்டவாளம் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு.

— உடனே திரும்பிட்டீங்கல்ல?

— இல்ல. கொஞ்ச நேரம் அங்கயே உட்கார்ந்திருந்தேன்.

— ரயில் வராதுன்னு தெரிஞ்சுமா?

— வீட்டுக்குப் போனா மட்டும் யாரு வரப்போறா, டீச்சர்?

— …இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு, நான் இடது பக்க ஜன்னல்னு அளந்தப்ப வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தீங்க. மழை பெய்ஞ்சுதான்னு வேற கேட்டீங்க. நல்ல ஆளுதான் நீங்க.

— நீங்க சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு. அந்த எதிர்ல உட்கார்ந்திருந்தவர்…

— என் வீட்டுக்காரர். கடைசியா நாங்க போனப்ப. அதைத்தான் ஒவ்வொரு வருஷமும் வேற மலை, வேற ரயிலுன்னு மாத்தி மாத்திச் சொல்றேன்.

— அப்ப வசந்தத்துல பூப் பார்க்கப் போனது?

— போகல.

— குளிர்காலத்துல பனி பார்க்க?

— அதுவும்தான். பண்டம் எல்லாம் டவுன்ல பெரிய கடையில. எல்லா ஊர்ப் பெட்டியும் ஒரே மாடியில அடுக்கி வச்சிருப்பான்.

— அதான் ஒரே ருசி.

— சிரிக்கணும்னா சிரிச்சுடுங்க. அடக்காதீங்க.

— சிரிக்கல டீச்சர். போன சனி, ஞாயிறு எங்க இருந்தீங்க?

— வீட்டுலதான். பக்கத்து வீட்டம்மாகிட்டயும் ஊருக்குப் போறேன்னு சொல்லி வச்சிருந்தேனா… திரையை இழுத்து விட்டுட்டு, விளக்குப் போடாம உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேக்கும்னு தண்ணிக் குழாயைக்கூட மெதுவாத் திறந்தேன். என் வீட்டுக்குள்ளயே நான் திருடி மாதிரி.

— அதுக்குப் பேசாம போயிட்டு வந்திருக்கலாமே. ஏன் போகல?

— போனேன். ஒரு தடவை. அவர் போன அடுத்த இலையுதிர் காலத்துல. விடுதிக்காரம்மா, "ஒருத்தர்தானா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். வாசல்ல செருப்பை வாங்கி வைக்கும்போது இன்னொரு தடவை, "ஒருத்தர்தானா?"

— ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள் காசு வருமான்னு பார்த்திருப்பா.

— அது இல்ல. தனியா வர்ற பொம்பளை திரும்பிப் போக வரலயோன்னு அவளுக்குப் பயம். இந்த மலை விடுதிங்கள்ல அப்படி வந்து உயிரை விட்டவங்க உண்டு. மருமகளை விட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா. தேநீர் வேணுமா? போர்வை போதுமா? காலையில எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க, வீட்டுல யாருக்காவது போன் பண்ணணுமா?

— …என்ன சொன்னீங்க?

— வீட்டுக்காரர் வேலையா இருக்காரு, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வருவாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவ தூங்கப் போனா. நான் தூங்கல.

— டீச்சர்…

— அவ மேல தப்பில்ல. நல்ல பொம்பளை. ஆனா அந்த "ஒருத்தர்தானா?"வை இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான்.

— மாத்து பஸ் ஓடுதுன்னு போட்டிருக்கு.

— யாரு போறது?

— நாம. மேல இலை கொட்டியிருக்கும். கீழ ஆத்தோரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

— இரக்கப்பட்டுக் கூப்பிடாதீங்க.

— எனக்கு இரக்கப்பட யாரு இருக்கா? நானும்தான் எங்கயும் போனதில்ல. தொழிற்சாலை, வீடு, இந்த அறை. இந்த நாட்டுக்கு வந்து ஒரு மலையைக் கிட்டப் போயி பார்த்ததில்ல.

— விடுதியில என்ன சொல்றது?

— ரெண்டு பேருன்னு சொல்லுவோம். ரெண்டு அறை குடுங்கன்னு கேப்போம்.

— ரெண்டு அறையா? அப்ப ரெண்டு ஒத்தை ஆளுங்கன்னு நினைச்சுக்கிட்டு, ராத்திரி முழுக்க ரெண்டு கதவையும் தட்டுவா.

— தட்டட்டும். ரெண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து தேநீர் குடிப்போம்.

— …வாய் நல்லா வளர்ந்துடுச்சு உங்களுக்கு. பேச்சுல இவ்வளவு கெட்டி, படிக்கச் சொன்னா கரடி மனுஷனாம். எப்ப போறது?

— எனக்கு ரெண்டு நாள் சேர்ந்தாப்பல லீவு கிடைக்கிறது டிசம்பர் முதல் சனி, ஞாயிறுதான்.

— முதல் ஞாயிறு உங்களுக்குத் தேர்வு. என்ன முழிக்கிறீங்க? தேர்வை விட்டுட்டு மலைக்கா? நான் புலம்பினேன்னா அதுக்காக நீங்க ஒரு வருஷத்தை வீணாக்கணுமா? முடியவே முடியாது. போயி எழுதிட்டு வாங்க. தேறிட்டீங்கன்னா… தேறுங்க. சாவியைக் குடுத்துட்டு நான் எப்படியோ இருந்துக்கிறேன். இந்த அறைக்காக ஒரு மனுஷனைப் படிக்க விடாம பிடிச்சு வச்சேன்னு இருக்க வேணாம்.

— தேர்வுக்கு நான் பேரே குடுக்கல டீச்சர். போன டிசம்பர்லயே தேறிட்டேன். சொன்னா நீங்க வகுப்பை மூடிடுவீங்க… அப்புறம் சனிக்கிழமை நான் எங்க போவேன்? அதான் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, எங்க எங்க தப்பாப் படிக்கணும்னு பார்த்து வச்சுக்கிட்டு வர்றேன். கரடி கடைக்குள்ள நுழைஞ்சதுன்னு எனக்குத் தெரியும்.