குடுத்து வைச்சது அவ்வளவுதான்

இந்தக் காலத்துச் சனம் ஒன்றையும் வாசிப்பதில்லை. ஃபோனில் என்ன வந்தாலும் 'சம்மதம்' என்ற இடத்தில் விரலை வைத்து அமத்திவிட்டுப் போகிறது. வீட்டை எழுதித் தா என்று கேட்டாலும் அமத்தும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எழுத்துக் கூட்டியாவது வாசிக்காமல் எதிலும் கை வைக்க மாட்டேன். உங்கள் கம்பெனியின் முறைப்பாட்டுப் படிவத்தையும் ஃபோனில் தமிழுக்கு மாற்றி அப்படித்தான் வாசித்தேன்.

வென்ற தொகையில் குறையிருந்தால், விளையாட்டுக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் கணக்குக்காரரே முப்பது நாளுக்குள் எழுத வேண்டுமாம். அவரால் முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று வேறொருவர் எழுதலாமாம், எந்த மொழியிலும். பொய்யான தகவல் தந்தால் முழுத் தொகையும் ரத்தாம். எனக்கு அந்தத் தொகை வேண்டும். ஆகவே பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

என் பெயர் சோதிலிங்கம். வயது எழுபத்தெட்டு. கணக்குக்காரன் யசீகரன், என்னைவிட நாலு வயது இளையவன். இந்த நாட்டுக்கு வந்து ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் இரண்டு பேரும் பெட்டி அடுக்கினோம். பிறகு பிளாக்ஹவுஸ் பேயில் அடுத்தடுத்த யூனிட். அவனுக்கு மனைவி இல்லை. மகள் வித்தியா கிளென்ஃபீல்டில் இருக்கிறாள். எனக்கு ஒருத்தரும் இல்லை, அவனைத் தவிர.

பென்ஷன் விழுகிற செவ்வாய்க்கிழமை காலையில் ஆளுக்கு இருபது டொலர் போட்டு ஃபோனில் உங்களுடைய மீன் சூதாட்டத்தை விளையாடுவோம். வந்தால் பாதிப் பாதி. எனக்கு ஈமெயில் கிடையாது, அதனால் கணக்கு அவன் பெயரில். அமத்துகிற விரல் மட்டும் என்னுடையது. அவன் விரலுக்கு ராசியில்லை என்று அவனே சொல்லுவான்.

அன்றைக்குப் பத்தரை மணியிருக்கும். அமத்தினேன். தங்கமீன்கள் ஒரே வரிசையில் வந்து நின்றன. எல்லாம் வாயைத் திறந்து காசு கக்கத் தொடங்கின. எண் ஏறியது, ஏறியது, தேத்தண்ணி ஆறியும் ஏறிக்கொண்டிருந்தது. நாலு லட்சத்துப் பன்னீராயிரத்து அறுநூறில் நின்றது. யசீகரன் சோபாக் குஷனைத் தோளில் வைத்துக் காவடி ஆடினான். நான் சட்டியில் கரண்டியால் மேளம் அடித்தேன். சிரித்த சிரிப்பில் என் பல்லுச்செட் கழன்று மடியில் விழுந்தது. அதை அவன் எடுத்து ஃபோனுக்குக் காட்டி, "பார், எங்கட ஆளும் வாய் திறந்திட்டார்" என்றான். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. அதை இப்போதும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

பிறகுதான் உங்களுடைய செய்தி வந்தது. வாழ்த்துக்கள், உங்கள் அதிகபட்சக் கொடுப்பனவு ஐம்பதாயிரம் டொலர். நான் பல்லைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினேன்.

"இதென்னடா, அதிகபட்சக் கொடுப்பினையோ?"

"கொடுப்பனவு அண்ணை, கொடுப்பனவு." அவனுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. "ரெண்டும் ஒண்டுதான். எங்களுக்குக் குடுத்து வைச்சது அவ்வளவுதான்."

"அப்ப மிச்சக் காசு எங்கை?"

"ஒரு ஆட்டத்துக்கு அதுக்கு மேல தரமாட்டாங்கள். விதியில கிடக்கு. முதல் நாளே நான் சம்மதம் அமத்தினனான்."

"வாசிச்சனியோ?"

"அதை ஆரண்ணை வாசிக்கிறது?"

நான் கேட்டேன், வெல்வதற்கு வரம்பு வைத்தவர்கள் தோற்பதற்கும் வைத்தார்களா என்று. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

"வைச்சவங்கள். மாசம் இவ்வளவுதான் எண்டு நாங்களே போடலாம். நான் போடப் போக, 'என்னை ஒருத்தரும் கட்டேலாது' எண்டு நீங்களெல்லோ தடுத்தனீங்கள்."

அது உண்மை. ஆனால் விஷயம் அதுவல்ல.

"எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தா அவங்கள் முறிஞ்சுபோவாங்கள், சோதியண்ணை. எதுக்கும் ஒரு அளவு வேணும். ஐம்பதாயிரம் சின்னக் காசோ? மூஞ்சியை நீட்டாமல் சிரியுங்கோ."

ஃபோனில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'ஏற்றுக்கொள்கிறேன்'. மற்றது 'முறையிடுகிறேன்'. முதலாவதை அமத்தினால் கதை முடிந்தது. அவன் அதைத்தான் அமத்தப் போனான். என்னுடைய விரல் வென்ற காசை அவனுடைய விரல் விட்டுக்கொடுக்கப் பார்த்தது. அந்த நேரம்தான் அவனுக்கு நெஞ்சு பிடித்தது. ஆடின ஆட்டம் அப்படி.

அவனுக்கு இருதய வருத்தம் இருந்தது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரே எப்போதும் மேசையில் இருக்கும். அன்றைக்கு இருந்தது முந்தினநாள் வாங்கின புதுப் புட்டி. வித்தியா எனக்காகவே பிரிட்ஜ் கதவில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். முதலில் ஒருக்கா அடிக்க வேணும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொருக்கா. அதுக்கும் குறையாவிட்டால் அம்புலன்ஸுக்கு 111. நான் வாசித்திருக்கிறேன். சொன்னேனே, நான் வாசிக்கிறவன்.

முதலாவதை அவனே அடித்தான். புட்டி கை நழுவி என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். ஐந்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட நான் ஏமாற்றவில்லை.

"அண்ணை, மற்றதைத் தாங்கோ."

"இப்ப சொல்லு. வரம்பு வைக்கிறது நியாயமோ?"

அவன் என்னைப் பார்த்தான். முகமெல்லாம் வேர்வை, ஆனாலும் சிரித்தான். பகிடி என்றுதான் நினைத்தான். "நியாயம்தான். விசர் அண்ணை, தாங்கோ."

"அப்ப உனக்குக் குடுத்து வைச்சதும் அவ்வளவுதான்."

அதற்கும் சிரித்தான். நல்ல பகிடியாகத்தான் இருந்தது, எனக்கும் சிரிப்பு வந்தது. நியாயமில்லை என்று ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பேன். அவன் சொல்லவில்லை, மறுபடியும் கேட்டபோதும் சொல்லவில்லை. அவ்வளவு பிடிவாதம். பிறகு அவன் கை ஃபோனை நோக்கிப் போனது. 'ஏற்றுக்கொள்கிறேன்' அமத்தத்தான் போகிறான் என்று எடுத்துத் தள்ளி வைத்தேன். அம்புலன்ஸுக்கு அடிக்கத்தான் கை நீட்டியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் பொய் எழுதினால் தொகை ரத்தாகிவிடும். அப்போதும் தோன்றியது.

ஃபோனில் அந்தப் பொத்தான்களுக்குப் பின்னால் மீன்கள் இன்னும் காசு கக்கிக்கொண்டிருந்தன. கலியாண வீட்டு மேளம் மாதிரி அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அடங்கினபிறகு தேத்தண்ணியைச் சூடாக்கிக் குடித்தேன். பன்னிரண்டு மணிக்கு 111 அடித்தேன். வந்தவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

செத்தவீட்டில் வந்த சனமெல்லாம் சொன்னது ஒரே சொல்தான். அவருக்குக் குடுத்து வைச்சது அவ்வளவுதான். ஒருத்தராவது அது நியாயமா என்று கேட்கவில்லை. வித்தியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, கடைசி நேரம் நீங்கள் பக்கத்தில நிண்டது எனக்குப் பெரிய ஆறுதல்" என்றாள். ஓம் என்றேன். நின்றதும் உண்மைதானே. ஃபோனை ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்று கேட்டேன், தந்தாள்.

கணக்குக்காரர் தானே எழுதாததற்குக் காரணம் இதுதான். அவர் இல்லை. இல்லாமல் செய்தது நான். உங்களுடைய வரம்பு இல்லாவிட்டால் அவன் இன்றைக்கும் குஷனோடு ஆடிக்கொண்டிருப்பான். இதை நீங்கள் யோசிக்க வேண்டும். முழுத்தொகையும் வந்தால் பாதி வித்தியாவுக்கு. நான் ஒருத்தர் பங்கை எடுக்கிறவன் இல்லை.

இன்றைக்கு முப்பதாம் நாள். நாளைக்கு அவனுடைய முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, என்னைத்தான் முன்னுக்கு நிற்கச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடுதாசியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு எழும்பி நடக்கப் போகிறேன், உங்கள் பதிலுக்குக் காத்திருக்க மாட்டேன். விதி, வரம்பு என்றுதான் எழுதுவீர்கள், நான் நம்பப்போவதில்லை. புட்டி இன்னும் சட்டைப்பையில்தான் கிடக்கிறது, நடந்தால் குலுங்குகிறது. அதில் இருநூறு தரம் அடிக்கலாம் என்று வித்தியா சொல்லியிருந்தாள். நூற்றுத்தொண்ணூற்றொன்பது மிச்சம். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிசனுக்கு ஒன்றோடு நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?