நூற்று இருபத்தாறு பவுண்டு

தாமதமாக வந்ததற்கு மன்னியுங்கள். நேற்று கொட்டிய பனியில் என் டிரக் கிளம்பவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துத்தான் எடுத்தேன். அயோவாவில் ஜனவரி மாதம் என்றால் அப்படித்தான். காப்பி இருந்தால் கொடுங்கள், சர்க்கரை வேண்டாம். இன்னொன்றையும் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன்.

குவின் ஹோலுப்பைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததெல்லாம் உண்மை. பதினெட்டு வயது, பன்றிப் பண்ணைக் குடும்பம், பள்ளியில் இரண்டு முறை மாநில மல்யுத்தச் சாம்பியன். எங்கள் கல்லூரிக்கு வந்து முதல் பந்தயத்தில் அவன் எப்படித் தோற்றான் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நவம்பர் மாதம், நாற்பதே வினாடி, முதுகு மெத்தையில் பட்டுவிட்டது. வேறு பையனாக இருந்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். குவின் தன்னை வீழ்த்தியவனைத் தேடிப் போய், அந்தப் பிடியை எப்படிப் போட்டாய் என்று விசாரித்தான். அவனும் சிரித்துக்கொண்டே காட்டினான். அடுத்த வாரம் அதே பிடியில் குவின் மூன்று பேரைச் சாய்த்தான். அதற்குப் பிறகு ஒன்பது பந்தயம் அவன் தோற்கவே இல்லை.

அப்போது அவன் நூற்று முப்பத்து நான்கு பவுண்டு எடைப் பிரிவில் இருந்தான். அந்தப் பிரிவில் எங்கள் அணித்தலைவன் இருந்ததால் அங்கே இவனுக்கு நிரந்தர இடம் கிடைக்காது. கோச் காலன் இவனுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு சின்னது, நூற்று இருபத்தாறுக்கு இறங்கலாம் என்றார்.

நூற்று இருபத்தாறு என்னுடைய பிரிவு. நான்கு வருடம் வேறொருவனுக்குப் பின்னால் பதிலியாகக் காத்திருந்தேன். அவன் படிப்பு முடிந்து போனான். எனக்கு இருபத்து மூன்று வயது, இதுதான் கடைசி வருடம்.

டிசம்பர் முதல் வாரம் எங்கள் இருவருக்கும் தேர்வுப் போட்டி வைத்தார்கள். மூன்றில் இரண்டு ஜெயித்தவனுக்கு இடம். முதலாவது அவனுக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் நான்குக்கு மூன்று என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தான். சங்கு ஊதியதும் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, காதோரமாகச் சொன்னான்:

"சாரி வேட். இது உன் வருஷம்னு எனக்குத் தெரியும்."

தோற்றதை அன்றைக்கே மறந்துவிட்டேன். அவன் அப்படிச் சொன்னதை மறக்கக் கொஞ்ச நாள் பிடித்தது.

மறுநாள் கோச் என்னைக் கூப்பிட்டு, அந்த எடையில் நான்கு வருடம் வாழ்ந்தவன் நீ ஒருவன்தான், பையனுடைய எடையைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். நன்றாகவே பார்த்துக்கொண்டேன், எங்கே வேண்டுமானாலும் விசாரியுங்கள். காலையில் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, மத்தியானம் பாதி ஆரஞ்சு, ஒரு கரண்டி தேன். பனியில் அவன் கூடவே ஓடினேன். எங்கள் அணியின் பெருத்த ஆள் பூன், உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டிச் சொன்னான்: "உன் இடத்துல நானா இருந்தா தினம் அவன் ஷூவுல ஒண்ணுக்குப் போயிருப்பேன். நீ என்னடான்னா அவனுக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுக்கறே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பயிற்சிக்கூடத்தில் இருக்கும் தராசு பழைய மாதிரி. கம்பியில் எடைக்கல்லைத் தள்ளிப் பார்க்க வேண்டும். கம்பியின் ஓரத்தில் சின்னத் திருகு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் திருப்பினால் அரை பவுண்டு கூடக் காட்டும். முதல் பந்தயத்துக்கு முன்னால் அதைத் திருப்பினேன். காரணம் சாதாரணமானது. கூடுதலாக இருப்பதாக நினைத்தால் பையன் கடைசி நேரம் வரை இழுத்தடிக்க மாட்டான். அப்படியே ஆயிற்று. நடுவர்களின் தராசில் அரை பவுண்டு குறைவாகவே நின்றான். கோச் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அடுத்த பந்தயத்துக்கு ஒரு பவுண்டு வைத்தேன், அதற்கடுத்ததற்கு ஒன்றரை. குறைவாக வருகிறதே என்று குவின் ஒருமுறை ஆச்சரியப்பட்டான். வழியில் வற்றியிருக்கும் என்றேன், நம்பினான்.

அவன் தராசைப் பார்ப்பதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏறி நின்றதும் கண்ணை மூடிக்கொள்வான். "நீயே பாத்துச் சொல்லு, எனக்குப் பயமா இருக்கு" என்பான். அவனுக்காக என்றால் திருகே தேவைப்பட்டிருக்காது. பூன் மாதிரி ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள், அதனால்தான்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனவன் நூற்று முப்பத்தொன்பதில் திரும்பி வந்தான். பதினோரு நாளில் பதின்மூன்று பவுண்டு இறக்க வேண்டும். அவனுடைய அம்மா மார்லிஸ் எனக்குப் போன் செய்தார். "கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சுப்பா அவனுக்கு. வாயத் திறந்தா உன் பேச்சுதான். கொஞ்சம் பாத்துக்கோ" என்றார். நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று பதில் சொன்னேன். அது பொய் இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எடை பார்ப்பார்கள், சனிக்கிழமை பந்தயம். மத்தியானம் ஒரு மணிக்கு அவன் வருவதற்கு முன்பே திருகை மூன்று பவுண்டுக்கு வைத்தேன். அவனுடைய உண்மையான எடை நூற்று இருபத்தொன்பது. தராசு நூற்று முப்பத்திரண்டு என்றது. குளியலறையில் எல்லா வெந்நீர்க் குழாய்களையும் திறந்துவிட்டு, நடுவில் உடற்பயிற்சி சைக்கிளைப் போட்டோம். அவன் வேர்வை வடிய ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தான்.

இரண்டரை மணிக்கு நிறுத்தித் தராசில் ஏற்றினேன். நூற்று இருபத்தொன்பது காட்டியது. அதாவது உண்மையில் அவன் நூற்று இருபத்தாறை எட்டிவிட்டான். இதை நான் மறைக்க வரவில்லை. இன்னும் மூன்று பவுண்டு இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் போய் ஏறினான்.

மூன்று மணிக்குப் பூன் கதவைத் திறந்து பார்த்தான்.

"என்னடா இது, அவன் மூஞ்சி சாம்பலா இருக்கு. டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"இதுக்கெல்லாம் பயந்தா இந்த எடையில நிக்க முடியாது. நீ போய்ச் சாப்பிடு" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். பூன் நல்லவன், அவனை இதில் இழுக்காதீர்கள்.

மூன்றரைக்குக் குவின் சொன்னான், "வேட், வேர்க்கவே மாட்டேங்குது."

கடைசி இரண்டு பவுண்டு அப்படித்தான் இருக்கும் என்றேன். வேர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று நான்கு வருடம் எடை குறைத்தவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அவன் கையைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கிடந்த தகரம் போலக் காய்ந்து சுட்டது.

கொஞ்ச நேரம் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

"உனக்கு எம்மேல ஏதாவது கோபம் இருக்கா?"

"இல்லடா. இன்னும் பத்து நிமிஷம் மிதி."

ஆறு நிமிடம் மிதித்தான். நான் சொல்லி அவன் எதையும் செய்யாமல் விட்டதில்லை. பிறகு சைக்கிளிலிருந்து பக்கவாட்டில் சரிந்தான். தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தேன். என்னை டேல் என்று கூப்பிட்டான். அது அவனுடைய அண்ணன் பெயர். "பன்னிங்களுக்குத் தண்ணி வெச்சாச்சா?" என்று கேட்டான். வைத்தாயிற்று என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

நான் பயிற்சிக்கூடத்துக்குப் போய்த் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது மூன்று ஐம்பத்தெட்டுக்கு.

உங்கள் குழப்பம் எனக்குப் புரிகிறது. குவின் விழுந்தது மூன்று நாற்பது வாக்கில் இருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான்கு மணி நெருங்கும் வரை சைக்கிள் ஓடிய சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது என்று பூன் சொல்கிறான். இருவரில் ஒருவர் தவறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதும் சரிதான்.

திருகைத் திருப்பிய கையோடு நானும் தராசில் ஏறிப் பார்த்தேன். அந்த ஆறு வாரமும் அவன் சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிட்டேன், இதை யாரும் கவனிக்கவில்லை. அரை பவுண்டு கூட இருந்தது. குழாய்களை நான் இன்னும் மூடியிருக்கவில்லை, அறை நல்ல சூடாக இருந்தது. சைக்கிளும் காலியாக இருந்தது. அவன் மேல் கால் படாதபடி சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் மிதித்தேன்.

ஐந்து மணிக்கு அவன் இடத்தில் நான் நடுவர்களின் தராசில் நூற்று இருபத்தைந்தே முக்கால் நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் இறந்த செய்தி வந்தது ஆறு மணிக்குத்தான். பந்தயத்தை ரத்து செய்தார்கள். ரத்தாகும் என்று முன்கூட்டியே எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் அணியைப் பற்றி யோசித்தவன் நான் ஒருவன்தான்.