முள் எங்கே நின்றது

"ஹலோ… ஆமா, நான்தான்… எங்க போகப்போறேன், கட்டில்லதான் கிடக்கேன். சொல்லு லோவெல்… ம்… ம்… வண்டியை இறக்கியாச்சா?… கூட்டமா?… சரி. சரி."

இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தாள் ஜெனீவ். ஆகஸ்டு மாத ஞாயிற்றுக்கிழமை. மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் போர்ட் ஹ்யூரன் ஏரிக்கரைத் திடலில், பழைய கார்க் கண்காட்சி வரிசையில், எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியோடு அந்த வெண்கல நிறக் காரின் பக்கத்தில் நின்றிருப்பாள். இந்த வருஷம் லோவெல் தனியாகத்தான் அதை டிரெய்லரில் ஏற்றி, தன் பிக்கப் வண்டியில் இழுத்துப் போயிருந்தான்.

லோவெல் ஒரு காலத்தில் அவள் கணவன். விவாகரத்தின்போது வீடு அவளுக்கு, படகு அவனுக்கு என்று எல்லாவற்றையும் பெரிய சச்சரவு இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். காரை மட்டும் பிரிக்க முடியவில்லை. அறுபதுகளில் டெட்ராய்ட்டில் ஒரு கம்பெனி, வழக்கமான எஞ்சினுக்குப் பதிலாக ஆகாய விமானத்தில் இருப்பதுபோன்ற டர்பைனை வைத்துச் சோதனைக்காகக் கொஞ்சம் கார்கள் செய்தது. சாதாரணக் குடும்பங்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னது. சோதனை முடிந்ததும் திரும்ப வாங்கி, சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் நசுக்கிப்போட்டது. தப்பிய ஒன்று, யார் யார் கையிலோ மாறி, பாதி உடைசலாக இவர்களிடம் வந்து சேர்ந்தது. ராணுவ ஹெலிகாப்டர்களின் எஞ்சினைப் பழுதுபார்த்தே காலம் தள்ளியவள் ஜெனீவ். அவள் அதற்கு உயிர் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்த லோவெல் அதன் கதையைத் தேடித் தேடிச் சேர்த்தான். கல்யாணம் முறிந்த பிறகும் ஞாயிறுதோறும் இருவரும் கார் நிற்கும் கொட்டகையில் சந்திப்பது மட்டும் நிற்கவில்லை.

"பாட்டரியா? அதுக்கென்ன?… எவ்வளவு காட்டுது?… ரெண்டுமா?… போதாது. போதாது லோவெல், அது பத்தாது. தள்ளுவண்டி எங்க? பெரிய பாட்டரி வெச்சது… கொண்டு போகலையா?… ம்… ம்… சரி, தனியா உன்னால தூக்க முடியல, புரியுது. அப்ப இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணாத. மூடியைத் திறந்து வை, ஜனங்க பாத்துட்டுப் போகட்டும். நீ கதை சொல்லு. உனக்குத்தான் அது நல்லா வருமே."

அவன் விடவில்லை. ஒருவேளை ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டான். கேள்வி அவளுக்கு விசித்திரமாக இருந்தது. அவளுக்கு அடுத்தபடியாக அந்த எஞ்சினைத் தெரிந்தவன் அவன்தான்.

"உனக்குத் தெரியாதா?… சரி, சொல்றேன். பாட்டரி தளர்ந்திருந்தா ஸ்டார்ட்டர் வேகமாச் சுத்தாது. சுத்தலேன்னா காத்து உள்ள வராது. காத்து வராம எரிபொருள் மட்டும் எரிஞ்சா சூடு எங்க போகும்? உள்ள சுத்துற டர்பைன் சக்கரத்துலதான் ஏறும். அதோட இதழெல்லாம் மெழுகு மாதிரி இழுபட்டுரும்… ஆமா… ஆமா, சில விநாடியே போதும்… அதெல்லாம் சரி, இதை இப்ப ஏன் கேக்குற?"

கேட்டுவிட்டு அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். பின்னணியில் எந்தச் சத்தமும் இல்லை. திடலில் இந்த நேரத்துக்கு ஒலிபெருக்கி அலறும், பாண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள், பிள்ளைகள் ஹாரன் அடித்துப் பார்க்கும். லோவெலின் மூச்சு மட்டும் கேட்டது.

"நீ எங்க இருக்க?… பிக்கப்புக்குள்ளயா? வெயில்ல கண்ணாடியை ஏத்திக்கிட்டு உள்ள ஏன் உக்காந்திருக்க?… லோவெல்… லோவெல், ஸ்டார்ட் பண்ணிட்டியா?"

பதிலைக் கேட்டதும் அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"எப்போ?… ம்… ஓடுச்சா, இல்ல முக்குச்சா?… பின்னாடி நெருப்பு வந்துச்சா?… எவ்வளவு நீளம்?… புல்லு கருகுற அளவுக்கா?… ம்… எரிபொருளை நிறுத்தினதும் சூடு தணியச் சும்மா சுத்த விட்டியா?… பாட்டரி செத்துப்போச்சு. ஆமா. செத்துத்தான் போகும்… முள் எங்க நின்னுச்சு?"

வெப்பம் காட்டும் அந்த முள்ளை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் வாய்விட்டுப் படிப்பது லோவெலின் வழக்கம். ஜெபம் சொல்வதுபோல ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே போவான். அவளுக்கு அது எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது. அப்படிப்பட்டவன் இன்றைக்குச் சிவப்பைத் தாண்டியது என்றான். எவ்வளவு தாண்டியது என்று சொல்லத் தெரியவில்லை.

"தாண்டுச்சுன்னா? ஒரு கோடா, ரெண்டு கோடா, கடைசி வரைக்குமா?… ஞாபகம் இல்லையா… சரி, விடு. இப்ப எறங்கு. போனைக் கட் பண்ணாம வண்டிக்கிட்டப் போ. காத்து வடிகட்டியைக் கழட்டு… இருக்கட்டும், நிக்கிறவங்க நிக்கட்டும். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது."

கதவு திறந்ததும் திடலின் இரைச்சல் மொத்தமாக உள்ளே பாய்ந்தது. யாரோ லோவெலிடம் ஏதோ கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள். பிறகு திருகாணிகள் ஒரு தட்டில் விழும் சத்தம்.

"கையை உள்ள விடு. மெதுவா. சுடுதா?… சரி, துணியைச் சுத்திக்கோ… போனைப் பக்கத்துல வை. இப்பச் சுத்து… இன்னும்… நிறுத்து. இன்னொரு தடவை."

நன்றாக இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தானே சுற்றும். ஜெனீவுக்குக் கேட்டது ஒரு கரகரப்பு, அப்புறம் ஒரு உரசல், அப்புறம் எதிலோ இடித்து நின்றது. இதழ்கள் நீண்டு, சக்கரத்தைச் சுற்றியுள்ள உள்கூட்டைத் தொட்டுவிட்டன. பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை.

"போதும்… போதும் லோவெல், சுத்தாத… இல்ல, நான் அழல. நீ மறுபடி பிக்கப்புக்குப் போ. கதவைச் சாத்திக்கோ."

இருந்த ஒரே மாற்றுச் சக்கரத்தையும் அவர்கள் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. இப்போது உள்ளே கெட்டுப்போய் நிற்பது அதுதான். புதிதாக வார்க்க யாரிடமும் அச்சு கிடையாது. மற்ற கார்களை வைத்திருக்கும் காட்சிக்கூடங்கள் தங்கள் எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூடத் தொட விடமாட்டா. இதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னாள். குரல் உயரவில்லை. அவன் கத்தினால் கத்துவாள், அவன் மௌனமாக இருந்தால் இன்னும் தாழ்த்திப் பேசுவாள். கத்தலைவிட அவனுக்கு அதுதான் பயம்.

"நான் ஒருத்தி இல்லாத ஒரே ஒரு நாள்… ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு? நாலு பேர் கைதட்டணும்னா?… கேக்குறேன். சொல்லு… என்ன?… இனி ஞாயிற்றுக்கிழமை வரணுமான்னா? இப்ப அதையா கேக்குற… தெரியல. எனக்குத் தெரியல லோவெல். ஓடாத வண்டிக்கு முன்னால ஆளுக்கொரு நாற்காலி போட்டு உக்காந்து என்ன பண்றது?"

சொன்ன பிறகு அது அவளையே குத்தியது. அவன் காரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். வாரத்தில் மற்ற நாட்கள் அவளுக்கு எப்படிக் கழிகின்றன என்பதும் அவளுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட நூடுல்ஸ் கேசரோல் மேசையில் தொடாமல் ஆறிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் சற்று முன் சொன்ன ஒன்று மனதில் திரும்ப வந்து நின்றது.

"லோவெல், இரு. நெருப்பு எவ்வளவு நீளம் வந்துச்சுன்னு சொன்ன?… ஆமா, புல்லு கருகுச்சுன்னு சொன்ன. அதை நீ பாத்தியா?… உன் கண்ணாலயா?… டிரைவர் சீட்டுல இருக்குறவனுக்குப் பின்னாடி வர்ற நெருப்பு எப்படித் தெரியும்?… மழுப்பாத. நீ பின்னாடி நின்னு ஜனங்கள ஒதுக்கிட்டிருந்திருக்க. அதனாலதான் முள் எங்க நின்னுச்சுன்னு உனக்குத் தெரியல… யாரு உக்காந்திருந்தது?… லோவெல், யாரு?… யாரு…? எமெரி தாச்சரா?"

அவள் படுக்கையில் எழுந்து உட்கார முயன்றாள். இடுப்பு விடவில்லை.

எமெரி தாச்சர் அந்தக் காலத்தில் கம்பெனியின் ஆள். சோதனைக்குத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வீட்டு வாசலுக்கே காரைக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைக் கொடுத்து, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது அவர் வேலை. இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. இவர்கள் காரைக் கூட்டிச் சேர்க்கும்போது புரியாத இடத்திலெல்லாம் அவரைத்தான் போனில் கூப்பிட்டார்கள். சத்தத்தைக் கேட்டே கோளாறு என்ன என்று சொல்லிவிடுவார். காரைப் பார்க்க வருகிறேன், வருகிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். இதயம் ஒத்துழைக்காது. இந்த வருஷம் மகள் டொலிடோவிலிருந்து அழைத்துவந்துவிட்டாள்.

"முன்னாடியே ஏன் சொல்லல?… ம்… ம்… அவரே கேட்டாரா, நீ உக்கார வெச்சியா?… ம்… சாவியைத் திருப்பிட்டு?… கண்ணை மூடிக்கிட்டாரா… சத்தத்தைக் கேக்க… ஓ."

முள் சிவப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்க, அதன் எதிரே ஒரு கிழவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு, வெயிலில் கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்திருக்கும் லோவெலும் தெரிந்தான். கோபம் போய்விடவில்லை. ஆனால் அதை இறக்கிவைக்க இடம் கிடைக்கவில்லை.

"நீ உக்கார வெச்சது தப்பு. பாட்டரியைப் பாக்காம விட்டது அதைவிடத் தப்பு… ஆமா… ஆமா, தெரியுது. சரி… வர்ற ஞாயிற்றுக்கிழமை வா. வா, எஞ்சினைப் பிரிக்கலாம். என்னால குனிய முடியாது, நான் சொல்லச் சொல்ல நீதான் கழட்டணும்… தெரியல, ஒன்னும் நடக்காமலும் போகலாம். பிரிச்சுப் பாக்கலாம்னுதான் சொல்றேன்… பெரியவர்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்க?… பாட்டரி போயிருச்சுன்னா? நம்பினாரா?… என்கிட்டப் பேசணுமாமா? வேண்டாம். வேண்டாம் லோவெல், கொடுக்காத. நான் என்ன சொல்வேன்னு உனக்குத் தெரியும்."

அவனுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஜெனீவ் உள்ளதை உள்ளபடி சொல்கிறவள். அவள் சரி என்று கையெழுத்துப் போட்ட எஞ்சினை நம்பி ஆட்கள் ஆகாயத்தில் ஏறினார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்தது. கணவன் எழுதியது நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றாள். மாமியாருக்குக் குணமாகாது என்று தெரிந்தபோது மாமியாரிடமே சொன்னாள். லோவெல் வீட்டைவிட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். எமெரி தாச்சர் இப்போது அவளிடம் பேசியே ஆகவேண்டும் என்று பிக்கப்பின் கதவருகில் வந்து நின்றதற்கும் அதுதான் காரணம்.

"லோவெல், நான் சொல்றதைக் கே… ஹலோ?… ஆ… வணக்கம் ஐயா. ஆமா, ஜெனீவ்தான்… நல்லா இருக்கேன், நடக்க ஆரம்பிச்சுட்டேன்… நீங்க எப்படி இருக்கீங்க?… ம்… ம்… இல்ல ஐயா."

அங்கே ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல. நீங்க ஒன்னும் பண்ணல… பாட்டரிதான். வேற ஒன்னும் இல்ல… கேட்டுச்சா உங்களுக்கு, அந்த உரசல்?… ம்… ஆமா, நானும் கேட்டேன். அது சக்கரம் இல்ல ஐயா. வெளி உறையில ஒரு தகடு. போன மாசம் நான் மாட்டினது, சரியா உக்காரல. என் தப்புதான். இந்த இடுப்பு வலியோட குனிஞ்சு மாட்டினேன், அப்பவே தெரியும் எனக்கு… ஆமா… ஆமா, அதைக் கழட்டி நிமித்திட்டா போதும்… சூடா? ஏறத்தான் செய்யும், ஆனா முழுசா ஏறுறதுக்குள்ள லோவெல் நிறுத்திட்டார்."

வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தனக்கு இப்படி வரும் என்று அவளுக்கே தெரியாது. ஓரிடத்தில் கூடத் தடுமாறவில்லை.

"ஐயா, நான் ஒன்னு கேக்கட்டுமா? சத்தம் சரியா வந்துச்சா?… ம்… ம்… ஆமா… முதல்ல பெருமூச்சு விடுற மாதிரி… ஆமா, அப்புறம் அது மேல ஏறும்… அப்படியா? எந்தத் தெரு?… வாசல்ல நின்னுக்கிட்டா, அந்தக் குடும்பம் மொத்தமும்?… ம்… அந்த வீட்டுச் சின்னப் பொண்ணுக்கு இப்ப அறுபது வயசுக்கு மேல இருக்கும்… ம்… சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் நிறையப் பேசினார். எந்தெந்த வீட்டு வாசலில் எப்படிக் கொண்டுபோய் நிறுத்தினார், யார் பயந்தார்கள், எந்த நாய் குரைத்துக்கொண்டே காரின் பின்னால் ஓடியது. குரல் நடுவில் உடைந்தது, பிறகு தேறியது. மகள் போகலாம் என்று கூப்பிடுவதும் கேட்டது. அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றுக்கும் ம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது.

"கண்டிப்பா ஐயா… அடுத்த வருஷமா?… ஓடும். நீங்க வாங்க… நிச்சயமாத்தான் சொல்றேன்… என்ன?… சரியாக் கேக்கல ஐயா, கூட்டச் சத்தம்… நன்றியா? காரை வெச்சிருக்குறதுக்கா?… இல்லையா?… பின்ன எதுக்கு ஐயா நன்றி?… ஹலோ?… ஐயா?"

பெரியவர் பேசி முடித்துவிட்டு, போனை அணைத்து லோவெலிடம் கொடுத்துவிட்டிருந்தார்.