நாற்பத்தேழாம் பக்கத்தை எழுதியவருக்கு

கோப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு மையில் எண்ணிட்ட கைக்கு உரியவரே! முப்பத்தோர் ஆண்டுகள் முறை பிறழாமல், முகம் சுளிக்காமல் கொள்முதல் பிரிவைக் கட்டிக்காத்து இன்று ஓய்வுபெறும் கண்காணிப்பாளரே! முதுகுக்குப் பின்னால் நாங்கள் "காரணம் மேடம்" என்று கேலி செய்தது காதில் விழுந்தும் சிரித்தபடி கடந்த பெருந்தகையே! வணக்கம்.

ஒப்பந்தப்புள்ளியில் சிறு குறை இருந்தால் அதிகாரி மன்னிக்கலாம், தள்ளவும் செய்யலாம். சட்டம் தரும் அந்த உரிமை நம் இஷ்டத்துக்கு அல்ல. எதைச் செய்தாலும் காரணம் எழுத வேண்டும், ஒருவருக்குச் செய்ததை அதே நிலையிலுள்ள மற்றவருக்கும் செய்ய வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்து, சாப்பிட மறந்து எங்களுக்கு இதை விளக்கியவர் நீங்கள்.

மருத்துவமனைக் கட்டில் டெண்டரில் ஒரு சிறிய பட்டறை, ஒரு பக்கத்தில் முத்திரையிட மறந்திருந்தது. முந்தைய ஆண்டு இதே குறையோடு வந்த பெரிய நிறுவனத்திடம் கடிதம் வாங்கிச் சரிசெய்தோம். பட்டறையைத் தள்ளும்படி மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. குழுவில் நாம் நால்வர்.

"போன வருஷம் அவங்கள மன்னிச்சோம். இவங்களுக்கு மட்டும் ஏன் மாட்டோம்? ஒரே ஒரு வரி எழுதுங்கப்பா, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றீர்கள்.

"விடுங்க மேடம், நம்ம வீட்டுக் கட்டிலா என்ன?" என்றார் எங்களில் ஒருவர். சிரித்தோம். வரி எழுதாமலே பட்டறையைத் தள்ளி மூவரும் கையெழுத்திட்டோம். நீங்கள் மறுப்பு எழுதி, அந்தப் பக்கத்துக்கு நாற்பத்தேழு என்று எண்ணிட்டீர்கள்.

அதை உருவியவர்கள் நாங்கள். அடுத்த பக்கங்களின் எண்களைச் சிவப்பு மையில் திருத்தியவர்களும் நாங்களே. பட்டறையின் புகாரால் நடந்த விசாரணையில், கோப்பில் மறுப்பு இல்லாததால் நீங்களும் ஒப்புக்கொண்டதாகக் கருதி, நால்வருக்கும் கண்டனம் வந்தது. "நான் எழுதினேன்" என்றீர்கள். "எங்களுக்குத் தெரியாது" என்றோம். மறுநாளும் நீங்கள் எங்களிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து உங்கள் முகம் பார்த்துப் பேச எங்களால் முடியவில்லை.

இழுப்பறையில் கிடந்த அந்தப் பக்கத்தை இன்று காலை அதன் இடத்தில் வைத்தோம். செய்ததை ஒப்புக்கொண்டு, உங்கள் மீதான கண்டனத்தை நீக்கக் கோரும் கடிதத்தை இயக்குநரிடம் கொடுத்துவிட்டோம். எங்களுக்கு வருவது வரட்டும். நீங்கள் நலமோடு, நிம்மதியோடு நெடுங்காலம் வாழ வேண்டும்! இந்த வாழ்த்து மடலைச் சுவரில் மாட்ட வேண்டாம், மேடம், கோப்பில் சேர்த்துவிட்டோம்.

அன்று நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி: எங்களுக்குப் பயமாக இருந்தது.

இப்படிக்கு,
குழுவின் மற்ற மூவர்